நீர் பூத்த நெருப்பு

நீறு பூத்த நெருப்பு என்போம்.
இங்கே ஓர் எழுத்து மாறுகிறது:
நீர்.

வாஹ் நதிக் கரையில்
மரக்கூழை நூலாக்கும் ஆலையின் பின்புறம்
ஆறாம் தண்டவாளத்தில்
ஒரு டேங்கர் நிறைய கார்பன் டைசல்பைடு
தண்ணீர்ப் போர்வைக்கு அடியில் படுத்திருக்கிறது.
தண்ணீரைவிடக் கனம். தண்ணீரோடு சேராது.
மேலே ஒரு சாண் நீர் இருக்கும்வரை
காற்றுக்கு அதன் முகவரி தெரியாது.

பிப்ரவரி. மைனஸ் பதினொன்று.
யார்மிலா வாசல் அலமாரியில்
தங்கை பின்னிய கம்பளித் தொப்பியைக் கழற்றி வைக்கிறாள்.
காய்ந்த குளிரில் கம்பளி சடசடவென்று பேசும்.
அந்தப் பேச்சே போதும்.
கைபேசி, லைட்டர், லாடம் வைத்த பூட்ஸ்
எல்லாம் அங்கேயே.
எர்த் கம்பியைக் கடிக்கவைத்து
இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறாள்.
பித்தளைச் சாவியை எடுக்கிறாள்.
கம்பியை மறுபடி ஒருமுறை இழுக்கிறாள்.

வால்வு திரும்பவில்லை.
போர்வையே உறைந்துவிட்டது.

ஓந்த்ரெய்க்கு இரட்டை ஷிப்ட். கண் சிவந்திருக்கிறது.
"நீராவிக் குழாயை இழுத்து வரட்டுமா?
இரண்டே நிமிஷம்."
இங்கே எல்லாவற்றுக்கும் அதுதானே வைத்தியம்:
உறைந்த கதவுக்கு, உறைந்த பம்புக்கு,
போன வாரம் மேலாளரின் காருக்குக்கூட.

அவள் குறுக்கே நிற்கிறாள்.
பம்புகளின் இரைச்சலில் கத்திப் பயனில்லை.
உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாள், அவ்வளவுதான்.

இதற்குத் தீக்குச்சி வேண்டாம்.
பொறி வேண்டாம்.
நீராவி ஓடும் இரும்பு போதும்,
எரிகிற பல்பின் கன்னம் போதும்.
தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதிக்கும் முன்பே
இது பற்றிவிடும்.

இளஞ்சூட்டு நீர்தான் வழி.
கேன்டீனில் மார்கிதா
முட்டைக்கோஸ் சூப் பானையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.
இருபது லிட்டர். ஒரு காது உடைந்தது.
யார்மிலா முழங்கையை விட்டுப் பார்க்கிறாள்,
குழந்தையைக் குளிப்பாட்டும் முன் பார்ப்பதுபோல.
"இன்னும் பச்சைத் தண்ணீர் ஊற்று."
"இதுவே ஆறிப்போன சூப்புதான்," என்கிறாள் மார்கிதா.

முதல் பானை. துணி சுற்றி, மெல்ல.
இரண்டு. ஐந்து.
பனியில் ஓந்த்ரெய் வழுக்கினான், பாதி கொட்டியது,
கொட்டிய இடம் கண்ணாடியானது.
ஏழாவது பானையில்
முட்டைக்கோஸ் வாசனை.

கைகள் நிற்கின்றன.
இதுவும் அழுகிய முட்டைக்கோஸ் போலத்தான் நாறும்.
பானையா? வால்வா?
அறுபது டன்னுக்கு மேல் நின்றபடி
இரண்டு பேர் ஒரு சூப்பைப் பற்றி யோசிக்கிறார்கள்.
மானி சொல்கிறது: பூஜ்யம்.
மார்கிதா சரியாகக் கழுவவில்லை.

ஒன்பதாவதில் வால்வு கிர்ரென்றது.
அரைச் சுற்று.
இப்போது வேறொரு வாசனை,
சன்னமாக, கொஞ்சம் இனிப்பாக.
பிறகு அதுவும் இல்லை.
"போய்விட்டது," என்று சிரித்தான் ஓந்த்ரெய்.

போகவில்லை.
மூக்குதான் போனது.
வந்தவனிடம் காசு வாங்கிக்கொண்டு
கண்ணை மூடிக்கொள்ளும் காவலாளி அது.
இடுப்பில் மானி அலறியபோது
யார்மிலா வால்வை மூடியிருந்தாள்,
தன் முகமூடியை மாட்டியிருந்தாள்,
அவனுடையதை அவன் முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள்.
காற்று வரும் திசை பார்த்து நடந்தார்கள், ஓடாமல்.
பின்னால், முழங்காலுக்குக் கீழே,
காற்றைவிடக் கனமான ஒன்று
வடிகாலைத் தேடித் தவழ்ந்தது.
வடிகாலுக்கு மாலையே மூடி போட்டிருந்தாள்.
படிவத்தில் அது பதினான்காவது வரி.
யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் வரி.

ஒரு கேஸ்கெட். குளிரில் விரிந்திருந்தது.
சுண்டுவிரல் நகம் நுழையாத விரிசல்.

விடியும்போது டேங்கர் காலி.
உள்ளே தண்ணீர் மட்டும் ததும்பியது.
நூற்புக் கூடத்தில்
யாரோ ஒருத்தியின் கோட்டுக்கு உள்துணி
வெள்ளையாக ஓடத் தொடங்கியது.
பதிவேட்டில் எழுதினாள்:
தாமதம் ஐந்து மணி நேரம். காரணம் குளிர்.

மார்கிதா பானையைத் திருப்பிக் கேட்டாள்.
யார்மிலா தரவில்லை.
அதன் வயிற்றில் சிவப்புப் பெயின்டால்
'சூப்புக்கு அல்ல' என்று எழுதி
ஆறாம் தண்டவாளத்துக் கொக்கியில் மாட்டினாள்.
கேன்டீன் கணக்கில் இப்போது
ஒரு பானை குறைகிறது.
மேலாளர் விளக்கம் கேட்டிருக்கிறார்,
எழுத்து மூலமாக.